வெறுங்காணி அன்று

சென்ற ஆண்டு நல்லூர்த் திருவிழாவிற்கு ரொறன்ரோவிலிருந்து வந்த ஒருவர், தம் மருமகனுக்குத் தோற்கையுறை ஒன்றும், செந்நூலால் தைத்த வெண்பந்து ஒன்றும் கொடுத்துச் சென்றார். அம்மருமகன் என்னிடம் பத்தாந் தரத்திற் பயிலும் மாணவன். விடுமுறை முடிந்து பாடசாலை தொடங்கியதும் இரண்டையும் புத்தகப் பையில் வைத்துக் கொண்டுவந்துவிட்டான். அன்று அமெரிக்க மிஷனரிமார் 1816 இல் யாழ்ப்பாணம் வந்த வரலாற்றையும், 1824 இல் ஹரியற் வின்சிலோ அம்மையார் நமது உடுவிலிற் பெண்களுக்கென விடுதிப் பாடசாலை தொடங்கிய வரலாற்றையும் நான் சொல்லிக்கொண்டிருந்தேன். பையன் எழுந்து நின்றான்.

"சேர், அமெரிக்கர் இவ்வளவு பள்ளிக்கூடம் கட்டினவை. ஒரு பேஸ்போல் மைதானம் ஏன் சேர் கட்டேல்லை?"

வகுப்பு முழுவதும் சிரித்தது. எனக்கு விடை தெரியவில்லை. "நாளைக்குச் சொல்லுறன், தம்பி" என்று தப்பித்துக்கொண்டேன். அந்த நாளை வருவதற்கு மூன்று வாரங்கள் சென்றன.

அதே நாட்களில் என் மேசையில் வேறொரு வேலையும் கிடந்தது. எங்கள் கல்லூரியின் விளையாட்டு மைதானத்துக் கீழைப் பக்கத்தில் இரண்டு மாடிக் கட்டடம் ஒன்று எழுப்ப வேண்டும் என்பது சிலருடைய விருப்பம். கடல் கடந்து வாழும் பழைய மாணவர்கள் பணந்தர ஆயத்தமாக இருந்தனர். அவர்களுக்கு அனுப்பும் வேண்டுகோட் கடிதத்தை எழுதும் பொறுப்பு, ஓரளவு தமிழ் எழுதக் கூடியவன் என்ற குற்றத்துக்காக, என் தலையில் விழுந்தது. "பயன்பாடின்றிக் கிடக்கும் வெறுங்காணி" என்று மைதானத்தைக் குறிப்பிட்டு எழுதியும் விட்டேன். எழுதும்போது மனம் உறுத்தவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

மாணவனுடைய வினாவிற்கு ஒரு விடை எளிதிற் கிடைத்தது. மிஷனரிமார் கப்பல் ஏறியபோது அவ்விளையாட்டிற்கு எழுதப்பட்ட விதிகளே இல்லை. நியூயோர்க் நகரத்து நிக்கபொக்கர் கழகத்தார் 1845 இலே தான் விதிகளை வரைந்தனர். நம் பாடசாலைகளில் எல்லே ஆடிய பிள்ளைகளுக்கு பேஸ்போலை விளக்குவது கடினமன்று. அடித்துவிட்டு ஓடவேண்டும், ஒவ்வொரு தரிப்பாகக் கடந்து புறப்பட்ட இடத்துக்கே மீளவேண்டும். தரிப்புக்குத் தரிப்பு 90 அடி.

இரண்டு கல்லூரிகள் தம்முள் மோதிய முதலாவது பேஸ்போல் ஆட்டம் 1859 யூலை 1 ஆம் நாள் மசச்சூசெற்ஸ் மாநிலத்துப் பிற்ஸ்பீல்ட் என்னும் ஊரில் நடந்தது. ஆடியவை அம்ஹேர்ஸ்ற் கல்லூரியும் வில்லியம்ஸ் கல்லூரியும். இரண்டிற்கும் பொதுவான ஊர் என்று பிற்ஸ்பீல்டைத் தெரிந்து, அங்கே ஒரு பெண்கள் கல்விச்சாலையை அடுத்த வெளியில் ஆடினர். பக்கத்திற்குப் பதின்மூவர். அம்ஹேர்ஸ்ற் 73, வில்லியம்ஸ் 32. தோற்றவர்கள் மறுநாட் சதுரங்கத்திலாவது மானத்தைக் காப்போம் என்று இருந்திருப்பர். அதிலும் அம்ஹேர்ஸ்றே வென்றது. வில்லியம்ஸ் மாணவர் எந்த முகத்தோடு ஊர் திரும்பினரோ!

இந்த வில்லியம்ஸ் கல்லூரி நமக்கு அந்நியமன்று. 1806 இல் அதன் மாணவர் ஐவர் இடிமழைக்கு ஒரு வைக்கோற்போரின் அடியில் ஒதுங்கியபோது தான், கடல் கடந்து சமயப்பணி செய்வது என்ற எண்ணம் அவர்களிடையே உருவானது. அந்த ஐவருள் ஒருவர் ஜேம்ஸ் றிச்சட்ஸ். 1816 இல் யாழ்ப்பாணம் வந்தார். 1822 இல் தெல்லிப்பழையில் இறந்தார். உடுவிலிலிருந்து சைக்கிளில் எட்டிப்பார்க்கும் தூரம். தம் கல்லூரி இளைஞர் பின்னாளில் இப்படித் தோற்கப்போவதை அவர் அறியார்.

பிற்ஸ்பீல்டைப் பற்றி மேலும் தேடியபோது ஒரு செய்தி என்னைப் பிடித்து நிறுத்தியது. 1791 இலேயே அவ்வூரார் ஒரு சட்டம் இயற்றியிருந்தனர். புதிதாகக் கட்டிய சபை மண்டபத்தின் கண்ணாடிச் சாளரங்களைக் காப்பதற்காக, அதிலிருந்து 80 யார் தூரத்துக்குள் எவரும் பந்து விளையாடலாகாது. பேஸ்போல், கிரிக்கெட், உதைபந்து எல்லாம் அந்த விலக்குப் பட்டியலில் இருந்தன. பந்திடமிருந்து கட்டடத்தைக் காக்க அன்றே சட்டம் பிறந்துவிட்டது. கட்டடத்திடமிருந்து பந்தாடும் நிலத்தைக் காக்க யார் சட்டம் செய்தனர் என்று எண்ணியபோது, மேசை மீது கிடந்த என் கடிதத்தைப் பார்க்கவேண்டியதாயிற்று.

மாணவனுடைய வினாவிற்கு இன்னொரு விடையும் உண்டு. 1872 இல் ஹொறஸ் வில்சன் என்ற அமெரிக்க ஆசிரியர் தோக்கியோவில் ஒரு பாடசாலை மாணவர்க்கு பேஸ்போல் பழக்கினார். அதே 1872 இலே தான் வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரி தொடங்கியது. அதற்கும் அதிபர் ஓர் அமெரிக்கரே, ஹேஸ்ரிங்ஸ் பாதிரியார். ஆனால் நம்மை ஆண்டவர் ஆங்கிலேயர். அண்டைக் கல்லூரிகள் எல்லாம் கிரிக்கெட் ஆடும்போது, ஒரு கல்லூரி மட்டும் பேஸ்போல் பழகி யாரோடு ஆடும்? ஆகவே அமெரிக்கர் தொடக்கிய கல்லூரியிலும் ஆங்கிலேயரின் ஆட்டமே வேர்கொண்டது. ஜப்பானில் விழுந்த விதையோ பெருமரமாகி, இறுதியில் ஜப்பானியர் உதவியோடு 2012 இல் கொழும்புக்கு அணித்தான தியகமவில் ஒரு பேஸ்போல் மைதானமாக இலங்கைக்கும் வந்து சேர்ந்தது.

கல்லூரி மைதானங்களுள் என் மனத்தைக் கவர்ந்தது யேல் பல்கலைக்கழகத்தினது. அப்பெயருக்குரிய எலிஹு யேல் 1687 முதல் 1692 வரை சென்னைக் கோட்டையில் ஆளுநராக இருந்து பொருள் திரட்டியவர். பின்னர் அவர் கொடுத்த பண்டங்களை விற்றே அந்தக் கல்லூரிக்குக் கட்டடம் எழுந்தது. அங்கே 1920களின் இறுதியிற் கட்டிய பேஸ்போல் அரங்கிற்கு, 1948 இல், நோயால் மெலிந்திருந்த பேப் ரூத் என்ற பெரிய ஆட்டக்காரர் வந்தார். தம் வாழ்க்கை வரலாற்றின் கையெழுத்துப்படியை மைதானத்தில் வைத்து மாணவர் அணித்தலைவரிடம் கொடுத்தார், யேல் நூலகத்திற் சேர்க்கும்படி. வாங்கிய அணித்தலைவர் ஜோர்ஜ் புஷ். பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதி. ரூத் அந்த ஆண்டே மறைந்தார்.

அதே மைதானத்தில் 1981 மே 21 ஆம் நாள் யேல் அணியும் நியூயோர்க் சென் ஜோன்ஸ் பல்கலைக்கழக அணியும் ஆடின. யேலின் பந்தெறிஞர் ரொன் டார்லிங் பதினொரு இன்னிங்ஸ் வரைக்கும் எதிரணிக்கு ஓர் அடி கூடக் கொடுக்கவில்லை. எதிரணிப் பந்தெறிஞர் பிராங்க் வயோலாவும் ஓர் ஓட்டமும் விடவில்லை. பன்னிரண்டாவது இன்னிங்ஸில் மெல்ல உயர்ந்து விழுந்த ஒரு பந்து. அதன்பின் இரண்டு மூன்று களவோட்டங்கள். யேல் 1–0 எனத் தோற்றது. பார்த்திருந்தவர்களுள் 91 வயதான ஜோ வூட் ஒருவர். ஒரு காலத்திற் பெயர்பெற்ற பந்தெறிஞர், யேலின் முன்னாட் பயிற்றுநர். ரோஜர் ஏஞ்சல் என்ற எழுத்தாளர் அருகிலிருந்து பார்த்து எழுதியதால், அந்த ஆட்டம் இன்றும் பேசப்படுகின்றது.

அந்தத் திகதியைக் குறித்துக்கொண்டபோது என் பேனா நின்றது. அதற்குப் பத்தாம் நாள் இரவு, மே 31 இல், யாழ்ப்பாணப் பொது நூலகத்திற்குத் தீ வைத்தார்கள். ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பராயின. அந்நூலகத்திற்கு அண்மையிலே தான் மத்திய கல்லூரி மைதானம் இருக்கின்றது. ஒரு பக்கம் முற்றவெளியும் ஒல்லாந்தர் கட்டிய கோட்டையும். பேர்சிவல் பாதிரியாரிடம் ஆறுமுக நாவலர் பயின்று, பின் கற்பிக்கவும் செய்த கல்லூரி அது. அக்கல்லூரிக்கும் பரி. யோவான் கல்லூரிக்கும் இடையில் 1904 இல் தொடங்கிய கிரிக்கெட் போட்டியைத் தான் 'வடக்கின் பெருஞ்சமர்' என்கிறோம். இரண்டு உலகப் போர்களையும் கண்ட போட்டி. ஆயினும் நம்முடைய போர் அதைப் பல ஆண்டுகள் நிறுத்தியது. 1990 யூனிலிருந்து செப்டெம்பர் வரை கோட்டை முற்றுகையிடப்பட்டிருந்தபோது அந்தச் சுற்றாடலில் எதுவும் முழுதாக எஞ்சவில்லை. இன்று நூலகமும் மீண்டிருக்கின்றது. பங்குனி மாதத்தில் மைதானத்தில் ஆட்டமும் நடக்கின்றது. நூலகம் எரிந்தது என்று உலகம் அறியும். மைதானம் இழந்த ஆண்டுகளை எவரும் கணக்கெடுக்கவில்லை; எரிவதற்கு அங்கே என்ன இருந்தது என்பார்கள்.

எனக்கு அந்தக் கணக்குத் தெரியும். 1995 ஒக்டோபர் 30 இரவு, வலிகாமத்துச் சனமெல்லாம் தென்மராட்சிக்குப் பெயர்ந்தபோது எனக்குப் பதினைந்து வயது. அப்பா சைக்கிளை உருட்ட, மழையில் நனைந்தபடி நாவற்குழிப் பாலத்தைக் கடந்தோம். அடுத்த ஆண்டு திரும்பிவந்து பார்த்தால், எங்கள் பாடசாலை மைதானத்தில் எருக்கலை இடுப்பளவு வளர்ந்திருந்தது, நெருஞ்சி நிலத்திற் படர்ந்திருந்தது. உள்ளே என்ன புதைந்திருக்குமோ என்ற அச்சத்தால் ஒருவரும் கால்வைக்கவில்லை. பிறகு பக்கத்து வீட்டுக்காரரின் மாடுகள் வேலிப் பொட்டால் நுழைந்து மேயத் தொடங்கின. பல நாட்கள் பார்த்திருந்தோம். மாடுகளுக்கு ஒன்றும் நேரவில்லை. அவை நடந்த தடத்தைப் பார்த்துப் பார்த்து நாங்களும் மண்வெட்டியோடு இறங்கினோம். செய்தது தவறென்று இன்று என் மாணவர்க்குச் சொல்வேன். அன்று எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. மட்டைக்குத் தென்னைமட்டை, பந்துக்குக் கடதாசிச் சுருளும் சைக்கிள் ரியூப் வார்களும். முதற் பந்தை எறிந்தவன் இன்று நோர்வேயில் இருக்கின்றான். கட்டடத்துக்குப் பணந்தர முன்வந்தவர்களுள் அவனும் ஒருவன்.

மூன்றாம் வாரத்திற் பையனிடம் இவற்றுள் வகுப்பிற்கு ஏற்றவற்றைச் சொன்னேன். அன்று மாலை அவனும் தோழர்களும் நாடா பிடித்து 90 அடி அளந்து, சுண்ணாம்பால் நாற்கட்டம் ஒன்று வரைந்தனர். மூன்றாந் தரிப்பு விழவேண்டிய இடத்தில், கட்டடத்துக்கென நில அளவைக்காரர் அடித்த முளை நின்றது.

"பிடுங்கவோ, சேர்?"

"வேண்டாம். அது எங்கட இல்லை. கட்டத்தைக் கொஞ்சம் மேற்காலே தள்ளுங்கோ" என்றேன்.

தள்ளினார்கள். அப்படித் தள்ளியதில் முதலாந் தரிப்பு வேலியோடு முட்டிவிட்டது. ஓடி வருகிறவன் கிளுவங் கதியாலைப் பிடித்துத் தான் திரும்பவேண்டும். பையன்கள் அதையும் ஒரு விதியாக்கிக்கொண்டு ஆடினர்.

ஆய்வுகூடம் எங்களுக்கு வேண்டும். மழை ஒழுகும் கூரையின் கீழ் இரசாயனம் படிக்கும் பிள்ளைகளை நான் நாள்தோறும் காண்கிறேன். பழைய மண்டபத்துக்குப் பின்னால் ஓர் இடம் இருக்கின்றது. அங்கே கட்டினாற் செலவு கூடும் என்கிறார்கள். கடிதத்தை மறுபடி எழுதினேன். "வெறுங்காணி" என்ற சொல்லை வெட்டிவிட்டு, 1996 இல் அதனைத் துப்புரவாக்கியவர்களின் பெயர்களை நினைவுக்கு வந்தவரை எழுதினேன். பதினேழு பெயர்கள் வந்தன. நோர்வேயில் உள்ளவனுக்கு முதற் படி போயிருக்கின்றது. பதில் இன்னும் வரவில்லை.