நின்று போன அலை

வழியில் கல் கிடந்தால் நடப்பவனின் வேகம் குறையும். நடையே நின்றுவிடாது. கம்பிக்குள் ஓடும் எலக்ட்ரானைப் பற்றியும் விஞ்ஞானிகள் வெகுகாலம் இப்படித்தான் நினைத்தார்கள். உள்ளே கலப்படம் கூடினால் மின்தடை கூடும், அவ்வளவுதான் என்று.

1958-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் இருந்த ஃபிலிப் ஆண்டர்சன் வேறு மாதிரி சொன்னார். தாறுமாறு ஓர் அளவைத் தாண்டிவிட்டால் எலக்ட்ரான் மெதுவாகப் போகாது, போகவே போகாது. இருந்த இடத்திலேயே முடங்கிவிடும்! அப்போது அவருக்கு வயது 34. அந்தக் கட்டுரையை ஆரம்பத்தில் அதிகம் பேர் கண்டுகொள்ளவில்லை.

அது எப்படி நிற்கும்? எலக்ட்ரான் ஓர் அலையும் கூட. குளம் முழுக்க அங்கங்கே பாறைகள் நீட்டிக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் எழும் அலை ஒவ்வொரு பாறையிலும் மோதிச் சிதறும். சிதறியவை மீண்டும் சந்திக்கும்போது சில இடங்களில் கூடும், சில இடங்களில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். இந்தக் கூட்டல் கழித்தலின் முடிவில் தூரத்தில் எதுவும் மிஞ்சாமல், கிளம்பிய இடத்தைச் சுற்றி மட்டும் அலை தங்கிவிடலாம். ஆண்டர்சன் சொன்னது இதைத்தான்.

1977-ல் அவருக்கு இன்னும் இருவரோடு சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது. ஆனாலும் ஒரு குறை. ஒளியிலும் ஒலியிலும் பின்னாளில் இதைக் காட்டினார்கள். பொருளின் அலை அப்படி நிற்பதை நேரில் யாரும் பார்த்ததில்லை. நிஜப் பொருளுக்குள் எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று தள்ளுகின்றன, சூட்டில் அணுக்கள் அதிர்கின்றன. நின்றது தாறுமாறாலா, தள்ளுமுள்ளாலா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.

சரி, படிகத்தையே புதிதாகச் செய்துவிட்டால்? எதிரெதிரே இரண்டு லேசர் கதிர்களைச் செலுத்தினால் வெளிச்சமும் இருட்டும் மாறி மாறி வரும் வரிசை உண்டாகும். தனிச்சுழி வெப்பநிலையை நெருங்கும்வரை குளிர்வித்த அணுக்கள், பல்லாங்குழியில் சோழி மாதிரி அதில் உட்கார்ந்துகொள்ளும். லேசரைக் கூட்டினால் குழி ஆழமாகும். 2002-ல் ஜெர்மனியின் மியூனிக்கில் இதைச் செய்தார்கள். ஆழம் குறைவாக இருந்தபோது அணுக்கள் எல்லாக் குழிகளிலும் ஒரே அலையாகப் பரவியிருந்தன. ஆழத்தைக் கூட்டியதும் தங்களுக்குள் தள்ளிக்கொள்வதாலேயே அதனதன் குழியில் அடங்கிவிட்டன. அங்கே தாறுமாறே கிடையாது. அது தள்ளுமுள்ளால் வந்த தேக்கம்.

இனி மற்றதைத் தனியாகப் பார்க்க வேண்டும். 2008-ல் இத்தாலியின் ஃபிளாரன்ஸ் குழு பொட்டாசியம் அணுக்களை எடுத்து, காந்தப்புலத்தால் அவற்றின் தள்ளுமுள்ளை அணைத்துவிட்டு, முதல் வரிசையோடு ஒத்துப்போகாத இன்னொரு லேசர் வரிசையைச் சேர்த்தது. அதே ஆண்டு பாரிஸுக்கு அருகே பாலெசோவில் அலன் ஆஸ்பேயின் குழு, குழி வரிசையே இல்லாமல், சிதறிய லேசர் புள்ளிகளின் நடுவே ரூபிடியம் அணுக்களை ஒரு கோட்டில் ஓடவிட்டது. இரண்டு இடத்திலும் அணுக்கள் கொஞ்சம் பரவின, பிறகு நின்றுவிட்டன. நின்றதைப் படமும் எடுத்தார்கள்.

கட்டுரை வந்து 50 வருடம். பரிசு வந்து 31 வருடம். நல்லவேளை, அந்தப் படம் வந்தபோது ஆண்டர்சன் உயிரோடு இருந்தார். 2020-ல்தான், 96 வயதில் காலமானார்.

தாறுமாறும் தள்ளுமுள்ளும் சேர்ந்தே இருந்தால்? 2015-ல் மியூனிக்கில் அதையும் செய்து பார்த்தார்கள். அப்போதும் அணுக்கள் முடங்கிய அடையாளம் தெரிந்தது. எத்தனை காலம் அப்படியே இருக்கும் என்பதில்தான் சண்டை இன்னும் ஓயவில்லை.