குனிந்த உடம்பும் பறையும்

துண்டை இடுப்பில் கட்டு, கையைக் கட்டிக்கொள், தலையைக் குனி என்று சாதி எங்கள் பாட்டன்மாரின் உடம்புக்கே பாடம் நடத்தியது. ஆலங்காயத்திலிருந்து வாணியம்பாடி, ஆம்பூர் தோல் கம்பெனிகளுக்குப் போகிறவர்களின் பிள்ளைகள் நாங்கள். வகுப்பில் ஒருவர் 'தோல் நாத்தம்' என்று மூக்கைப் பிடித்தால் எங்கள் தோள் தானாகக் குறுகும். படித்த பிறகும் அது போகவில்லை.

பறை எடுத்த பிறகுதான் கொஞ்சம் மாறியது. சாவுக்கு அடிக்கச் சொல்லி நம்மீது சுமத்திய கருவி அது. அதையே திண்டுக்கல் சக்தி கலைக் குழுவின் தலித் பெண்கள் விடுதலைக் கலையாக மேடையேற்றினார்கள். தீயில் காய்ச்சி, இடது தோளில் மாட்டி, வரிசையில் நின்று அடித்துப் பாருங்கள். தோளைக் குறுக்கிக்கொண்டு அடிக்க முடியாது. மூச்சு ஆழமாகும். பக்கத்துத் தோழரின் அடவோடு நம் கால் சேரும். வெட்கப்பட்ட அதே தோல்தான் கையில் அதிரும்.

ஆனால் அவமானம் நமக்குள் பிறந்த நோயல்ல. மனம் ஆறியதும் வீட்டுக்குப் போய்விட்டால் செய்தவர் தப்பிவிடுவார். பலர் பார்க்கச் சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவது 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். காவல் நிலையத்தில் புகார் கொடுக்கவும் நீதிமன்றத்தில் சாட்சி சொல்லவும் நடுங்காத உடம்பு வேண்டும். அதற்காகவும் பறை பழகுவோம்.