பொய் எழுதாத பேனா

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் தந்தையார் மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். ஒரு பால் பண்ணையில், பாலைச் சூடேற்றும் இயந்திரத்தின் அருகே அவருக்கு வேலை.

சிறுவயதில் நான் கணக்குப் போட்டுப் பழகியது வட்ட வட்டமான காகிதங்களின் பின்புறத்தில்தான். பாதுகாக்க வேண்டிய காலம் முடிந்து பண்ணையில் கழித்துப் போட்டவற்றை அப்பா கொண்டுவருவார். முன்புறத்தில் சிலந்தி வலை போன்ற கோடுகள். அவற்றின்மேல் மையால் ஒரு வளையம். அதன் பொருள் எனக்கு அப்போது தெரியாது. பிளஸ் டூ படிக்கும்போது ஒருநாள் பண்ணைக்கே அழைத்துப்போய்க் காட்டினார்.

கண்ணாடிக் கதவிட்ட பெட்டிக்குள் அந்தக் காகிதம் மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது. ஒரு சுற்றுக்கு 24 மணி நேரம். நடுவிலிருந்து விரியும் வளைகோடுகள் நேரத்தையும், ஒன்றுக்குள் ஒன்றான வட்டங்கள் வெப்பநிலையையும் காட்டும். பால் ஓடும் குழாயினுள் வெப்பமானியின் முனை இருக்கிறது. சூடு ஏறினால் பேனா வெளிப்பக்கம் நகரும். குறைந்தால் உட்பக்கம் வரும். 72 டிகிரி செல்சியஸ் சூட்டில் பால் 15 விநாடியாவது இருக்க வேண்டும். அப்போதுதான் நோய்க்கிருமிகள் மடியும். சூடு போதாவிட்டால் ஒரு வால்வு பாலை முன்னே விடாமல் திருப்பி அனுப்பிவிடும். அந்த நிகழ்ச்சியைக் குறிக்கவே காகிதத்தின் விளிம்பில் இன்னொரு பேனா. வால்வு திரும்பியதும் அதுவும் இடம் மாறும்.

வில்லியம் பிரிஸ்டல் என்னும் அமெரிக்கர், அழுத்தத்தைத் தானே பதிவு செய்யும் கருவிக்கு 1888-இல் காப்புரிமை பெற்றார் என்று பின்னர் படித்தேன். மனிதக் கண் அயரும், கருவி அயராது.

இதை அப்பா அனுபவத்தில் அறிந்தவர். ஓர் இரவு கொதிகலனில் நீராவி குறைந்துவிட்டது. மறுநாள் காலை, "நீ தூங்கிவிட்டாய், சூடாகாத பாலை அனுப்பிவிட்டாய்" என்று அவர்மேல் பழி விழுந்தது. அவர் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. காகிதத்தைக் கழற்றிப் பார்த்தார்கள். இரண்டு மணிக்கு வெப்பக்கோடு உள்ளே இறங்கியிருந்தது. விளிம்புப் பேனாவும் அப்போதே இடம் மாறியிருந்தது. சூடு போதாத பால் ஒரு சொட்டும் வெளியே போகவில்லை. அப்பாவின் வேலை தப்பியது.

"என் பேச்ச நம்பாதவங்க அந்தப் பேனாவ நம்புனாங்க கண்ணு" என்றார். அதில் மகிழ்ச்சியும் இருந்தது, வருத்தமும் இருந்தது.

இனி என் குற்றத்தைச் சொல்கிறேன். சென்ற ஆண்டு ஆய்வகத்தில் நியூட்டனின் குளிர்வு விதிச் சோதனை. நண்பனோடு பேசிக்கொண்டிருந்ததில் நான்கு அளவீடுகளைத் தவறவிட்டேன். கோடு அழகாக வரும்படி நானே எண்களை இட்டு நிரப்பினேன். "நன்று" என்று பேராசிரியர் எழுதினார். பெருமையோடு வீட்டில் காட்டினேன். அப்பா நெடுநேரம் அந்த வரைபடத்தைப் பார்த்தார்.

"எங்க பேனா ஒருநாளும் இவ்வளவு வழுவழுன்னு போட்டதில்லையே கண்ணு. கொஞ்சமாச்சும் நடுங்கும்."

கள்ளமில்லாமல்தான் சொன்னார். எனக்கு அன்றிரவு உறக்கம் வரவில்லை. மறுநாள் பேராசிரியரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் கடிந்துகொள்ளவில்லை, சோதனையை மீண்டும் செய்யச் சொன்னார். இம்முறை புள்ளிகள் கோட்டுக்கு இருபுறமும் சிதறி நின்றன. அவற்றை அப்படியே விட்டேன்.

இன்று பல ஆலைகளில் காகிதத்தின் இடத்தைக் கணினித் திரை பிடித்துவருகிறது. அப்பாவின் பண்ணையில் இன்னும் காகிதம்தான். அதைக் கழற்றும்போது தேதியிட்டுக் கையெழுத்துப் போடுவது அவர் பொறுப்பு. தம் பெயரை மட்டுமே எழுதத் தெரிந்த அவர், அந்தப் பெயரை எழுதுமுன் கோடு முழுவதையும் ஒருமுறை விரலால் தொடர்ந்து பார்ப்பார்.

தோழர்களே, என் பதிவேட்டில் பெயர் எழுதுமுன் இப்போது நானும் அப்படித்தான் பார்க்கிறேன்.