முகப்பரு: பிந்தி வரும் ஒரு திருத்தம்

பத்திரிகைகளில் 'திருத்தம்' என்ற தலைப்பில் சிறு பெட்டிச் செய்தி வருவதை வாசகர்கள் கவனித்திருப்பீர்கள். முதற்பக்கத்தில் கொட்டை எழுத்தில் செய்த தவறு, உட்பக்கமொன்றின் மூலையில் பொடியெழுத்தில் திருத்தப்படும். என் பத்திரிகை வாழ்வில் அப்படிப் பல திருத்தங்களை எழுதியிருக்கிறேன். எழுதாமல் விட்ட ஒன்றும் உண்டு. அதை இப்போது எழுதுகிறேன்.

1979ஆம் ஆண்டு. கொழும்பில் ஒரு பத்திரிகையின் ஞாயிறு இதழில் நான் உதவி ஆசிரியர். மகளிர் பக்கத்தைக் கவனித்துவந்த அம்மையார் விடுமுறையில் சென்றிருந்தார். அச்சுக்கு அனுப்பவேண்டிய நேரத்தில் அரைப்பக்கம் வெறுமையாகக் கிடந்தது. "எதையாவது எழுதி நிரப்பும்" என்றார் ஆசிரியர். மேசையிற் கிடந்த பழைய ஆங்கிலச் சஞ்சிகை ஒன்றையும் என் ஆச்சியின் கைவைத்தியத்தையும் கலந்து, முகப்பருவைப் போக்கப் பத்து வழிகள் என்றொரு கட்டுரையை ஒரு மணித்தியாலத்தில் எழுதிக் கொடுத்தேன். பரு அழுக்கினால் வருவது. நாளுக்கு ஆறு தடவை சவர்க்காரம் போட்டு முகம் கழுவுங்கள். தேசிக்காய்ச் சாற்றில் அப்பச்சோடாவைக் குழைத்துத் தேயுங்கள். இரவில் பற்பசையைப் பருவின்மேல் வையுங்கள். இப்படிப் பத்து. ஒரு பெண்ணின் பெயரில் அது வெளிவந்தது.

மூன்று வாரங்களின் பின் மாத்தளையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் உயர்தர வகுப்பு மாணவி. பத்து நாட்கள் அப்படியே செய்தாராம். கன்னம் எரிந்து தோல் உரிந்து, உரிந்த இடமெல்லாம் கறுத்துவிட்டதாம். பாடசாலைக்குப் போகவில்லை என்று எழுதியிருந்தார். கடைசி வரி: "இனி நான் என்ன செய்யவேண்டும், அக்கா?"

அந்த அக்கா நான்தான். கடிதத்தை மடித்து மேசை லாச்சியில் வைத்தேன். பதில் எழுதவில்லை. பிரசுரிக்கவும் இல்லை.

இனிச் சென்ற ஆண்டுக்கு வருகிறேன். என் மகளின் மகளுக்குப் பதினேழு வயது. உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். பதின்மூன்று வயதில் தொடங்கிய பரு, மறைவதும் திரும்ப வருவதுமாக இருந்தது. சில மாதங்களாக அவள் யன்னலுக்கு முதுகு காட்டி உட்காரத் தொடங்கினாள். உறவினர் திருமணத்தில் படமெடுக்க நிற்க மறுத்தாள். ஒரு நாள், "இண்டைக்கு ரியூசனுக்குப் போகேல்லை" என்று அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் கதவருகில் நின்று, "முகத்தை நல்லாக் கழுவு பிள்ளை, சொக்லேற்றையும் விடு" என்றேன்.

"நான் ஆறு தரம் கழுவுறன், அம்மப்பா" என்றாள்.

அந்த ஆறு என்ற எண்ணைக் கேட்டதும் எனக்கு மாத்தளைக் கடிதம் ஞாபகம் வந்தது.

அடுத்த நாள் அவளுடைய தலையணையின் கீழ் ஒரு சிறு கிறீம் ரியூப்பை என் மகள் கண்டெடுத்தாள். அழகுப் பொருட்கள் விற்கும் கடையில் ஒரு சிநேகிதி வாங்கிக் கொடுத்ததாம். என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று அதில் எழுதப்பட்டிருக்கவில்லை. பூசிய முதல் வாரம் முகம் பளிச்சென்று ஆனதாம். பிறகு ஒரு நாள் நிறுத்தினாலும் முகம் சிவந்து எரிந்ததாம். ஆகவே நிறுத்தாமற் பூசினாள்.

தோல் வைத்திய நிபுணரிடம் அழைத்துச் சென்றோம். ரியூப்பை வாங்கிப் பார்த்தார், பிள்ளையின் கன்னத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "இது ஸ்டீரொய்ட் கலந்த கிறீமின் வேலை" என்றார். பீற்றாமெதசோன், குளோபெற்றசோல் போன்ற மருந்துகள் வேறு தோல் நோய்களுக்கு, வைத்தியரின் கண்காணிப்பில், குறுகிய காலத்துக்கு உரியவை. வீக்கத்தையும் சிவப்பையும் அவை அமுக்குவதால் பரு போய்விட்டதுபோலத் தோன்றும். நாட்பட நாட்படத் தோல் மெலியும், நுண்ணிய இரத்தக் குழாய்கள் தெரியும், பரு முன்னையிலும் மோசமாகும். நிறுத்தினால் முகம் கொதிக்கும். நிறத்தை வெளுப்பிக்கும் கிறீம்கள் சிலவற்றில் பாதரசமும் இருக்கும். அது சிறுநீரகத்துக்குக் கேடு.

பிறகு பரு எப்படி உண்டாகிறது என்று அவர் விளக்கினார். ஒவ்வொரு மயிர்த்துளையின் அடியிலும் ஒரு நெய்ச்சுரப்பி உண்டு. பருவ வயதில் ஓமோன்களின் தூண்டுதலால் அது அதிக நெய்யைச் சுரக்கிறது. துளையின் வாயில் உதிரவேண்டிய தோற்கலங்கள் உதிராமல் ஒட்டி அடைத்துக்கொள்கின்றன. எல்லார் தோலிலும் சாதாரணமாக வாழும் பற்றீரியா அந்த அடைப்புக்குள் பெருகுகிறது. உடல் அதை எதிர்க்க, சிவப்பும் சீழும் உண்டாகின்றன. இவற்றுள் எதுவும் சவர்க்காரம் எட்டும் ஆழத்தில் நடப்பதில்லை. கரும்புள்ளியின் கருமைகூட அழுக்கன்று. துளையில் அடைபட்ட பொருள் காற்றுப்பட்டுக் கறுத்தது. தேய்க்கத் தேய்க்கத் தோலின் காப்புப் படலந்தான் சிதைகிறது. நம்மைப் போன்ற கறுத்த தோலில் ஒவ்வொரு காயமும் மாதக்கணக்கில் நிற்கும் கறையை விட்டுப்போகிறது. தேசிக்காய்ச் சாறு அமிலம், அப்பச்சோடா காரம். என் கட்டுரை அந்த மாணவியின் முகத்தில் என்ன செய்தது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"ஏன் டொக்டர் திரும்பத் திரும்ப வருது?" என்று பேத்தி கேட்டாள். நானும் கேட்க நினைத்த கேள்வி. கண்ணுக்குத் தெரியும் பருவை மட்டும் நாம் கவனிக்கிறோம். அடுத்த பருக்களுக்கான அடைப்பு ஏற்கெனவே பல வாரங்களாகத் தோலுக்குள் உருவாகிக்கொண்டிருக்கிறது என்றார் அவர். ஆகவே மருந்தைப் பருவின் தலையில் மட்டும் வைப்பதிற் பயனில்லை. பரு வரும் பகுதி முழுவதும் பூசவேண்டும். பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரங்கள் செல்லும். பலர் மூன்றாம் வாரத்தில் மருந்தை மாற்றுகிறார்கள், அல்லது முகம் தெளிந்தவுடன் நிறுத்திவிடுகிறார்கள். திரும்ப வருவதற்கு இவை பெரிய காரணங்கள்.

அவளுக்கு முதலில் தோல் ஆறுவதற்குச் சில வாரங்கள் கொடுத்தார். காலையும் மாலையும் மென்மையான கழுவல், நெய்ப்பசையற்ற ஈரப்பூச்சு, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் அன்ரிபயோற்றிக் குளிசை. அதன் பின்னரே, விற்றமின் ஏ வழிவந்த அடபலீன் 0.1 வீதப் பூச்சு: ஒரு பட்டாணியளவு, இரவில், முதலில் ஒன்றுவிட்ட நாட்களில். காலையில் பென்சொயில் பெரொக்சைட் 2.5 வீதம். இது துணியின் சாயத்தை வெளுக்கச் செய்யும் என்று எச்சரித்தார். எங்கள் வீட்டுத் துவாய்கள் இரண்டு அதற்குச் சாட்சி. வெயிலுக்குச் சன்ஸ்கிறீன். தலைக்குத் தேங்காயெண்ணெய் வைத்தால் நெற்றியில் வழியவிடக்கூடாது, அது துளைகளை அடைக்கும்.

சொக்லேற்றைப் பற்றி நான் கேட்டேன். அமெரிக்காவில் 1969இல் 65 பேரை வைத்து நடத்திய ஓர் ஆய்வு சொக்லேற் குற்றமற்றது என்றது. ஆனால் ஒப்பீட்டுக்குக் கொடுத்த இனிப்பிலும் ஏறத்தாழ அதே அளவு சீனியும் கொழுப்பும் இருந்தன. மறுபுறம், 2002இல் வெளிவந்த ஆய்வொன்று பப்புவா நியூகினியின் கிட்டாவா தீவில் 1,200 பேரைப் பரிசோதித்து ஒருவரிடமும் பருவைக் காணவில்லை. அவர்களுடைய உணவு கிழங்கு, பழம், மீன், தேங்காய். சீனியும் மாவும் மிகுந்த உணவு சிலருக்குப் பருவைக் கூட்டலாம் என்பதே இன்றுள்ள நிதானமான முடிவு. உணவை மட்டும் மாற்றிப் பருவை வெல்வது அரிது.

ஆழமான கட்டிகளும் தழும்பும் உண்டானால் வீட்டில் காத்திருக்கலாகாது. அத்தகைய கடும் பருவுக்கு ஐசோட்ரெற்றினொயின் என்ற குளிசை உண்டு. கருவிலுள்ள சிசுவைக் கடுமையாகப் பாதிக்கும் என்பதால் வைத்தியரின் மேற்பார்வையின்றி அதைத் தொடக்கூடாது. மாதவிடாய் ஒழுங்கின்மையோடு வரும் பருவுக்கு ஓமோன் பரிசோதனை தேவைப்படலாம்.

நான்காம் மாதம் பேத்தி யன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பரீட்சை நெருங்கியபோது இரண்டொன்று திரும்பவும் வந்தன. அவற்றைக் கிள்ளவில்லை, பூச்சை நிறுத்தவுமில்லை. ரியூசனுக்குப் போனாள்.

இனித் திருத்தம்:

1979இல் எமது ஞாயிறு இதழில் வெளியான கட்டுரையில், முகப்பரு அழுக்கினால் வருவதாகவும் தேய்த்துக் கழுவினால் போய்விடுமெனவும் குறிப்பிடப்பட்டிருந்தது. அது தவறு. பரு எவருடைய அசுத்தத்துக்கும் தண்டனையன்று. பொறுமையோடு சிகிச்சை செய்யவேண்டிய ஒரு நோய். தவறுக்கு வருந்துகிறோம்.

மாத்தளை மாணவிக்கு இப்போது அறுபது வயது கடந்திருக்கும். எந்த நாட்டில் இருக்கிறாரோ! இதை அவர் வாசிக்க நேர்ந்தால் இன்னொன்றும் சொல்லவேண்டும். நீங்கள் கடிதம் எழுதிய அக்கா என்று ஒருவர் இருக்கவில்லை, தங்கச்சி. கடிதம் என்னிடம்தான் வந்து சேர்ந்தது. பதில் எழுதாமல் விட்டவனும் நான்தான்.