13க்கு 13 ஜெயிச்சும் அஞ்சாவது ரேங்க்

முன்குறிப்பு: இது அமெரிக்கன் ஃபுட்பால் பத்தின பதிவு. உடனே ஓடிடாதீங்க மக்கா. ஆட்டம் தெரியாதவங்களுக்கும் புரியற மாதிரிதான் எழுதியிருக்கேன். எனக்கே அவ்வளவுதான் தெரியும் :-)

2024 செப்டம்பர்ல ஆணி புடுங்க அமெரிக்கா போனேன். நியூ ஜெர்சி, கலிஃபோர்னியான்னு நம்மாளுங்க போற ஊரா அமையக் கூடாதா? எனக்கு வாய்ச்சது ஐடஹோ மாநிலத்துல இருக்கற பாய்சி. அம்மாகிட்ட போன்ல சொன்னப்போ, "அந்த ஊருல என்னடா விசேஷம்?"னு கேட்டாங்க. உருளைக்கிழங்குன்னு சொன்னேன். "அதுக்கு எதுக்குடா அவ்வளவு தூரம்?"னு போனை வச்சுட்டாங்க.

போன பிறகுதான் தெரிஞ்சுது, அந்த ஊருக்கு இன்னொரு விசேஷமும் இருக்கு. பாய்சி ஸ்டேட் பல்கலைக்கழகத்தோட ஃபுட்பால் மைதானம். 1986ல இருந்து அங்க தரை நீல நிறம். முதல் தடவை டிவியில பார்த்தப்போ கலர் செட்டிங் போயிடுச்சுன்னு ரிமோட்டைத் தட்டினேன். ஆட்டம் இருக்கற சனிக்கிழமைகள்ல மளிகைக்கடை கல்லாவுல இருக்கற அம்மாவுல இருந்து தள்ளுவண்டிக் குழந்தை வரைக்கும் நீலமும் ஆரஞ்சும்தான்.

ஆபீஸ்ல எனக்கு அடுத்த சீட்டுல ஒரு பெரியவர். வயசு அறுபதை நெருங்குது. அந்த ஊர்லயே பிறந்து, அந்தக் கல்லூரியிலயே படிச்சவர். 2024 டிசம்பர் 31 ராத்திரி என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார். புது வருஷம் கொண்டாடன்னு நினைச்சுக்கிட்டுப் போனேன். இல்லை, மேட்ச் பார்க்க!

மேட்சுக்கு முன்னாடி ஆட்டத்தைப் பத்தி அரை நிமிஷ வகுப்பு. 100 கெஜ மைதானம். பந்தை வச்சிருக்கற அணிக்கு நாலு வாய்ப்பு. அதுக்குள்ள 10 கெஜம் முன்னேறிட்டா மறுபடி நாலு வாய்ப்பு, இல்லைன்னா பந்து அந்தப் பக்கம். கடைசிக் கோட்டைத் தாண்டினா 6 பாயிண்ட். அதுக்கு மேல, பந்தை உதைச்சு கம்பத்துக்கு நடுவுல அனுப்பினா 1. உதைக்காம இன்னொரு தடவை கோட்டைத் தாண்டிக் காட்டினா 2. இந்த கடைசி வரியை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க.

அன்னிக்கு பாய்சி ஸ்டேட்டுக்கு எதிரணி பென் ஸ்டேட். அரிசோனாவுல க்ளெண்டேல். பாய்சியில ஆஷ்டன் ஜென்ட்டின்னு ஒரு பையன் இருந்தார். அந்த சீசன்ல மட்டும் 2,601 கெஜம் பந்தோட ஓடினவர். 1988ல பேரி சாண்டர்ஸ் வச்ச 2,628ங்கற சாதனைக்கு இன்னும் 28 கெஜம் ஓடியிருந்தா தாண்டியிருப்பார். என்ன பிரயோஜனம்? 31-14னு தோத்துட்டாங்க. சீசன் முடிஞ்சுது.

வீட்டுல சத்தமே இல்லை. எனக்குக் கிளம்பறதா உட்கார்றதான்னு புரியலை. எழவு வீட்டுல "அப்ப நான் வரேன்"னு சொல்ற சங்கடம். அப்போ பெரியவர் ரிமோட்டை எடுத்து யூட்யூப்ல ஒரு பழைய மேட்சைப் போட்டார். "இதே ஸ்டேடியம்தான். 2007 ஜனவரி 1. இன்னும் கொஞ்ச நேரத்துல சரியா 18 வருஷம்"னார்.

அதுக்குக் கொஞ்சம் கொசுவத்தி சுத்தணும்.

2006 சீசன். அப்போ ப்ளேஆஃப் எல்லாம் கிடையாது. பி.சி.எஸ்னு ஒரு முறை. பயிற்சியாளர்கள் போடற ஓட்டு மூணுல ஒரு பங்கு, இன்னொரு குழு போடற ஓட்டு ஒரு பங்கு, ஆறு கம்ப்யூட்டர் ரேங்கிங்கோட சராசரி ஒரு பங்கு. இதைக் கூட்டி முதல் ரெண்டு இடத்துல வர்ற அணிங்க மட்டும் சாம்பியன் பட்டத்துக்கு மோதும். நம்ம பொழப்பே இதுதாங்கறதால கம்ப்யூட்டர் பாகம் சுவாரஸ்யமா இருந்துச்சு. எத்தனை பாயிண்ட் வித்தியாசத்துல ஜெயிச்சேங்கறதை அது கணக்குல எடுத்துக்கக் கூடாது. ஆனா யாரை ஜெயிச்சேங்கறது ரொம்ப முக்கியம். இங்கதான் சிக்கல். பாய்சி ஸ்டேட் இருந்தது சின்ன அணிகளோட கூட்டமைப்புல. பெரிய கல்லூரிங்க இவங்களோட அதிகம் ஆடறதில்லை. ஆடாததால இவங்க ஜெயிச்சதுக்கு மதிப்பில்லை. மதிப்பில்லாததால... புரியுதா? முன் அனுபவம் இருந்தாதான் வேலை, வேலை கிடைச்சாதான் முன் அனுபவம்ங்கற அதே கதை.

அதுக்கு முந்தின வருஷம் 2005ல ஒரு பெரிய இடத்தோட மோதற வாய்ப்பு வந்துச்சு. ஜார்ஜியா. 48-13னு அடி வாங்கினாங்க. க்வார்ட்டர்பேக் ஜேரட் ஸப்ரான்ஸ்கி பந்தைத் திரும்பத் திரும்ப எதிரணி கையில கொடுத்தார். "நாங்கதான் அப்பவே சொன்னோமே"ன்னு ஊரே சொல்லிடுச்சு.

2006ல அதே ஸப்ரான்ஸ்கி, புதுசா தலைமைப் பயிற்சியாளர் ஆன க்ரிஸ் பீட்டர்சன், அப்புறம் இயான் ஜான்சன்னு ஒரு ஓட்டக்காரர். இந்த ஜான்சன் ஓய்வு நேரத்துல நூல் குல்லா பின்னுவாராம்! குல்லா பின்னின கையோட அந்த சீசன்ல 25 டச்டவுன். ஆரிகன் ஸ்டேட்டை 42-14, யூட்டாவை அவங்க ஊர்லயே 36-3. நேர்மையாச் சொன்னா எல்லாமே அப்படி இல்லை. வயோமிங்கோட 17-10, சான் ஹோசே ஸ்டேட்டோட கடைசி நொடி உதையில 23-20னு மூச்சு வாங்கின ஆட்டங்களும் இருக்கு. எப்படியோ, 12க்கு 12.

அந்த வருஷம் ஒரு விதி மாறியிருந்துச்சு. சின்னக் கூட்டமைப்போட சாம்பியன், பி.சி.எஸ் பட்டியல்ல முதல் 12 இடத்துக்குள்ள வந்தா ஒரு பெரிய மேட்ச் நிச்சயம். சாம்பியன் பட்டத்துக்கு இல்லை. சும்மா ஒரு மேட்ச். அப்படித்தான் ஃபியஸ்டா பௌல்ல ஓக்லஹோமாவுக்கு எதிரா இறங்கினாங்க. அந்தப் பக்கம் ஏட்ரியன் பீட்டர்சன், பின்னாடி என்.எஃப்.எல்லையே கலக்கினவர். (இந்தப் பக்கம் கோச் பேரும் பீட்டர்சன். குழம்பிக்காதீங்க.)

மூணாவது க்வார்ட்டர்ல பாய்சி 28-10 முன்னிலை. நான் சோஃபாவுல சாய்ஞ்சு உட்கார்ந்தேன். பெரியவர் "அவசரப்படாதே தம்பி"ங்கற மாதிரி கை காட்டினார். ஓக்லஹோமா துரத்தித் துரத்தி வந்து, ஆட்டம் முடிய ஒன்றரை நிமிஷம் இருக்கறப்போ 28-28. அடுத்த பந்தே ஸப்ரான்ஸ்கி எறிஞ்சதை எதிரணி ஆள் பிடிச்சு நேரா ஓடிட்டார். 35-28. ஜார்ஜியா ஞாபகம் யாருக்கு வராது?

"இந்த இடத்துலதான் நான் டிவியை அணைச்சேன்"னார் பெரியவர். அணைச்சுட்டு வெளிய போய் வாசல்ல பனி அள்ளிக்கிட்டு இருந்தாராம். பக்கத்து வீட்டுல இருந்து அலறல் கேட்டப்போ யாருக்கோ ஏதோ ஆயிடுச்சுன்னு பயந்துட்டாராம்.

அவர் பார்க்காம விட்டது இதுதான். மிச்சம் 18 நொடி. நாலாவது வாய்ப்பு, போக வேண்டியது 18 கெஜம். ஸப்ரான்ஸ்கி ட்ரிஸன் ஜேம்ஸுக்கு எறியறார். எதிரணி மொத்தமும் அவர் மேல பாயப் போற நொடியில, அவர் பந்தை எதிர்ப்பக்கமா ஓடி வர்ற ஜெரார்ட் ராபுக்குத் தட்டி விடறார். 50 கெஜம், டச்டவுன். மிச்சம் 7 நொடி. 35-35.

ஓவர்டைம். முதல் பந்துலயே ஏட்ரியன் பீட்டர்சன் 25 கெஜம் ஓடி 42-35. பாய்சி முறை. மறுபடி நாலாவது வாய்ப்பு. பந்து இந்தத் தடவை ஸப்ரான்ஸ்கிகிட்டயே போகலை. வின்னி பெரெட்டான்னு ஒரு ரிசீவர் நேரா வாங்கி, ஓடற மாதிரி ஓடி, எறிஞ்சு, டச்டவுன். 42-41.

உதைச்சா 1, சமன், இன்னொரு ரவுண்டு. கோச் பீட்டர்சன் உதைக்கலை. 2க்குப் போனார். ஸப்ரான்ஸ்கி வலது கையால எறியற மாதிரி பாவ்லா. மைதானமே வலது பக்கம் பார்க்குது. பந்து இடது கையில, முதுகுக்குப் பின்னாடி. குல்லாக்காரர் ஜான்சன் அதை வாங்கிட்டு இடது பக்கம் காலியா கிடந்த இடத்துல ஓடிட்டார். 43-42. ஓடினவர் அப்படியே சியர்லீடரா இருந்த தன் காதலிகிட்ட போய் மண்டி போட்டு கல்யாணத்துக்குக் கேட்டுட்டார். நம்ம டைரக்டர் யாராவது இப்படி க்ளைமாக்ஸ் வச்சா "லாஜிக் இல்லை"ன்னு நாமளே விமர்சனம் எழுதிக் கிழிப்போம்.

நான் எழுந்து நின்னு கத்திட்டேன். 18 வருஷப் பழைய மேட்சுக்கு. பெரியவர் முகத்துல அன்னிக்கு முதல் சிரிப்பு.

"அப்ப இவங்கதான் சாம்பியனா?"ன்னு கேட்டேன்.

"இல்லை. ஒரு வாரம் கழிச்சு ஃப்ளோரிடா ஓஹையோ ஸ்டேட்டை 41-14னு ஜெயிச்சு சாம்பியன் ஆச்சு. அவங்க ஒரு மேட்ச் தோத்திருந்தாங்க. நாங்க ஒண்ணு கூட தோக்கலை. அந்த சீசன்ல ஒரு மேட்ச் கூட தோக்காத ஒரே பெரிய டிவிஷன் அணி நாங்கதான். ரேங்க் அஞ்சு."

கடைசி ஏ.பி. ஓட்டெடுப்புல முதல் இடத்துக்கான 65 ஓட்டுல 64 ஃப்ளோரிடாவுக்கு. ஒண்ணே ஒண்ணு பாய்சிக்கு.

அந்தக் கணக்கு அநியாயம்னு கோபமா ஒரு வார்த்தை சொல்ல வாயைத் திறந்தேன். வரலை. ஏன் வரலைங்கறதைச் சொல்லத்தான் இந்தப் பதிவே.

நான் படிச்சது பேர் சொன்னா யாருக்கும் தெரியாத ஒரு கல்லூரி. பஸ் ஸ்டாப் பேரே கல்லூரிக்கு எதிர்ல இருக்கற செங்கல் சூளை பேர்தான். கேம்பஸுக்குப் பெரிய கம்பெனி எதுவும் வராது. ஆஃப் கேம்பஸ்ல போனா "எந்த காலேஜ்?"ங்கற முதல் கேள்வியோட ஃபைல் மூடிடும். ஒரு சின்ன கம்பெனியில மூணு வருஷம் பொட்டி தட்டிட்டுத்தான் இங்க வந்தேன்.

அமெரிக்கா கிளம்பறதுக்கு மூணு மாசம் முன்னாடி, எங்க டீமுக்கு ஃப்ரெஷர்ஸ் எடுக்கற வேலை என் தலையில விழுந்துச்சு. தொள்ளாயிரம் ரெஸ்யூமே. மேனேஜர் ஒரு கல்லூரிப் பட்டியல் கொடுத்து "இதுல இருக்கறவங்களை மட்டும் பாரு"ன்னார். பைத்தான்ல இருபது வரி ஸ்க்ரிப்ட் எழுதினேன். பத்து நிமிஷத்துல எழுபது பேர் ஆயிடுச்சு. "சூப்பர்"னு மேனேஜர் தட்டிக் கொடுத்தார். அந்தப் பட்டியல்ல என் கல்லூரி இல்லை. அது எனக்கு ஸ்க்ரிப்ட் எழுதும்போதே தெரியும்.

ரெண்டு நாள் கழிச்சு கல்லூரி ஜூனியர் ஒருத்தன் மெசேஜ் பண்ணினான். "அண்ணா, உங்க கம்பெனிக்கு அப்ளை பண்ணியிருக்கேன், பார்த்தீங்களா?" நான் அனுப்பின பதில்: "ஹெச்.ஆர்ல ப்ராசஸ் போயிட்டு இருக்குப்பா." ஹெச்.ஆரும் இல்லை, ப்ராசஸும் இல்லை. அந்த இருபது வரிதான்.

அன்னிக்கு ராத்திரி பாய்சியில என் அறைக்கு நடந்து போகும்போது மணி ஒண்ணு. எங்கயோ பட்டாசு சத்தம். 64 ஓட்டு போட்டவங்களை நான் என்னன்னு திட்டறது?

அவங்க பக்கமும் நியாயம் இருக்கு, மறுக்கலை. தொள்ளாயிரத்தையும் உட்கார்ந்து படிக்க முடியாது. பாய்சியோட எதிரணிகள் பலவீனம்தான். 2024ல 12 அணி ப்ளேஆஃப் வந்தப்போ, கூட்டமைப்பு சாம்பியன்ங்கறதால 9ஆவது ரேங்க்ல இருந்த பாய்சிக்கு 3ஆவது இடம் கொடுத்தாங்க. போய் 31-14னு தோத்தாங்க. 2025ல இருந்து அந்தச் சலுகையையும் எடுத்துட்டு நேரா ரேங்க்படியே இடம்னு மாத்திட்டாங்க. பட்டியல் வச்சிருக்கறவங்களுக்கு "பார்த்தியா?"ன்னு கேட்க எப்பவும் ஒரு ஸ்கோர் கிடைக்கும்.

ஆனா அந்தப் பெரியவர் அன்னிக்கு வாசல் வரைக்கும் வந்து சொன்னது வேற. "இன்னிக்குத் தோத்தது வருத்தம்தான். ஆனா களத்துல தோத்தோம். 2006ல எங்களைத் தோக்கடிச்சது ஒரு பேப்பர்."

தோக்கறதுக்கும் ஒரு வாய்ப்பு வேணும்ங்க. நான் அந்தப் பையனுக்கு வேலை கொடுக்காதது தப்பில்லை. அவன் தோக்கறதுக்குக் கூட இடம் கொடுக்கலை, அதான் உறுத்துது.

ஊருக்குத் திரும்பினதும் 2025ல மறுபடி அதே வேலை. பட்டியலே வேண்டாம்னு மேனேஜர்கிட்ட சொல்லிப் பார்த்தேன். "தொள்ளாயிரம் பேருக்கும் டெஸ்ட் வச்சா யாரு திருத்தறது, உங்க தாத்தாவா?"ன்னார். பேரம் பேசி, பட்டியலுக்கு வெளிய இருந்து பத்து பேரைக் கூப்பிட சம்மதம் வாங்கினேன். அதுல ரெண்டு பேர் தேறினாங்க, எட்டு பேர் தேறலை. புரட்சி எல்லாம் ஒண்ணும் இல்லை. 12 ரேங்க்குக்குள்ள வந்தா ஒரு மேட்ச்ங்கற மாதிரி, அவ்வளவுதான்.

ஜூனியருக்கும் நடந்ததை அப்படியே எழுதி அனுப்பினேன். அதுக்குள்ள அவன் வேற இடத்துல சேர்ந்துட்டான். ஒரு நாள் முழுக்க பதில் இல்லை. அப்புறம் வந்துச்சு:

"பரவால்லண்ணா. எனக்கு அப்பவே தெரியும்."

இதுக்கு அவன் நாலு கெட்ட வார்த்தை திட்டியிருக்கலாம்.