பிராணவாயுவுக்கு இன்னொரு பெயர்

குழந்தைகள் தொண்டையைக் கனைத்தால் எந்தப் பாட்டிக்குத்தான் பொறுக்கும்? போன மாதம் ஒரு சாயங்காலம் என் பேரன் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, 'க்ஹ்... க்ஹ்...' என்று விடாமல் கனைத்துக் கொண்டிருந்தான். சளி பிடித்துவிட்டதாக்கும் என்று நினைத்து, அவசர அவசரமாக மிளகும் மஞ்சள்பொடியும் போட்டுப் பாலைக் காய்ச்சி எடுத்துக்கொண்டு போனேன். பையன் கையில் செல்போன், முகத்தில் சிரிப்பு.

"சளி இல்லே, பாட்டி! கிளிங்கன் பாஷை படிக்கிறேன்" என்றான்.

"அது எந்த ஊர்ப் பாஷைடா?"

"எந்த ஊருமில்லே. ஆகாசத்திலே வேறே ஒரு கிரகம். சினிமாவிலே வர ஜனங்க பேசறது."

மறுவாரம் அவனுக்கு ரசாயனப் பரீட்சை. எனக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? "இல்லாத ஜனங்களின் பாஷையைப் படித்துக்கொண்டு, இருக்கிற பரீட்சையைக் கோட்டை விடு!" என்று சொல்லிவிட்டேன்.

அவன் அசரவில்லை. "இதிலேயும் ரசாயனம் இருக்கு, பாட்டி. ஆக்ஸிஜனுக்கு என்ன தெரியுமா? யின்ஷிப்! யின் என்றால் உயிர். ஷிப் என்றால் வாயு."

"அட அசடே! அது நம்முடைய பிராணவாயுதானே!" என்றேன்.

அவன் என்னை ஏறிட்டுப் பார்த்தான். "பிராணவாயுன்னா என்ன, பாட்டி?"

சுருக்கென்று தைத்தது எனக்கு. இல்லாத கிரகத்தின் சொல் தெரிகிறது. வீட்டுச் சொல் தெரியவில்லை! பாலை அவன் கையில் கொடுத்துவிட்டு, பேசாமல் உள்ளே போய்விட்டேன். ஆனால் கோபம் ஆறியதும் ஓர் ஆசை பிறந்தது. அப்படி என்னதான் இருக்கிறது அந்தப் பாஷையில்? அவனைக் கேட்டும், நானாகப் படித்தும் தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

அமெரிக்க டெலிவிஷனில் 1966-ம் வருஷம் 'ஸ்டார் டிரெக்' என்ற தொடர்கதை ஆரம்பமாயிற்று. நட்சத்திரங்களுக்கு நடுவே கப்பலில் போகிறவர்களின் கதை. அதில் மறுவருஷம் வந்து சேர்ந்த முரட்டுப் போர்வீரர்கள்தாம் கிளிங்கன்கள். முதலில் அவர்களும் இங்கிலீஷில்தான் சண்டை போட்டார்கள்! 1979-ல் அது சினிமாவாக வந்தபோது, கப்பல் எஞ்சினீயராக நடித்த ஜேம்ஸ் டூஹன் அவர்களுக்கென்று சில வார்த்தைகளைக் கட்டிக் கொடுத்தார். பிறகு 1984-ல் வந்த மூன்றாவது படத்துக்காக, மார்க் ஓக்ராண்ட் என்ற மொழியறிஞர் இலக்கணத்தோடு ஒரு பாஷையையே செய்து கொடுத்தார். அடுத்த வருஷமே அகராதியும் வந்துவிட்டது.

வேற்றுக் கிரகத்துப் பேச்சு நம் பேச்சு மாதிரி இருக்கலாமா? அதனால் வாக்கியத்தையே அவர் திருப்பிப் போட்டார். 'குழந்தை பாலைக் குடித்தது' என்போம் நாம். கிளிங்கனில், 'பாலைக் குடித்தது குழந்தை' என்பதுதான் முறை.

சாஸ்திரச் சொற்களை அவர் அமைத்திருக்கும் விதம் எனக்கு மிகவும் பிடித்தது. விஞ்ஞானத்துக்கு 'க்ஹெட்' என்று பெயர். 'ஹோல்' என்றால் பாஷை. இரண்டையும் சேர்த்தால் 'ஹோல்க்ஹெட்'; அதாவது மொழியியல். 1992-ல் அமெரிக்காவில் தொடங்கிய கிளிங்கன் மொழிக் கழகம் தன் பத்திரிகைக்கு அந்தப் பெயரையே சூட்டியது.

வாயுக்களைப் பாருங்கள். 'பிக்' என்றால் தண்ணீர். ஆகவே ஹைட்ரஜனுக்கு 'பிக்ஷிப்', ஜலவாயு. நைட்ரஜனுக்கு 'வோக்ஷிப்', மூச்சை முட்டவைக்கும் வாயு. இது விளையாட்டுப் பெயர் இல்லை. ஜெர்மானியர்களும் நைட்ரஜனுக்கு இதே பொருளில்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த வாயு மட்டும் நிறைந்த இடத்தில் விளக்கும் எரியாது, உயிரும் தங்காது.

இன்னொரு வேடிக்கை. ஆக்ஸிஜன் என்ற பெயரைச் சூட்டியவர் பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த பிரெஞ்சு மேதை லவாசியே. கிரேக்க மொழியில் அதற்கு 'அமிலத்தை உண்டாக்குவது' என்று பொருள். எல்லா அமிலங்களிலும் அது இருக்கிறது என்று அவர் நினைத்தார். அது தவறு, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்ஸிஜனே கிடையாது! உலகமெல்லாம் வழங்கும் பெயருக்குள் ஒரு பிழை ஒளிந்திருக்க, நம் பிராணவாயுவும் கிளிங்கன்காரனின் யின்ஷிப்பும் உள்ளதை உள்ளபடி சொல்கின்றன.

கணக்கிலும் அவர்கள் போர்வீரர்கள்தாம். இரண்டும் இரண்டும் நாலு என்பதற்கு, 'ச்சா போக் ச்சா. ச்சென் லோஷ்' என்பார்கள். இரண்டோடு இரண்டு நேசப் படையாகச் சேருகிறது, நாலு உருவாகிறது! கழித்தல் என்றால் நேசம் முறிகிறது. பெருக்கல் என்றால், ஓர் எண் தன்னோடு தானே இத்தனை தடவை கூட்டுச் சேருகிறது. சகோதரிகளே, நம் வீட்டு மாதக் கணக்கில் கழித்தலே அதிகமாக இருப்பதற்கு எவ்வளவு பொருத்தமான சொல், பார்த்தீர்களா?

இத்தனை இருந்தும் ஒரு குறை. கப்பலின் வேகத்துக்குச் சொல் இருக்கிறது, ஆயுதத்துக்கு இருக்கிறது, கிரகத்துக்கு இருக்கிறது. வீட்டுக்குள்ளே நுழைந்தால்தான் திண்டாட்டம். 1990-களில் அமெரிக்க மொழியியலாளர் ஒருவர் பிறந்த தம் பிள்ளையிடம் மூன்று வருஷம் கிளிங்கனிலேயே பேசிப் பார்த்தார். தாயார் இங்கிலீஷில் பேசினாள். குழந்தையைச் சுற்றியிருந்த வீட்டுச் சாமான்கள் பலவற்றுக்கு அப்போது அந்தப் பாஷையில் பெயரே இல்லை. குழந்தைக்கும் அதில் நாட்டம் போய்விட்டது, தகப்பனாரும் விட்டுவிட்டார். தாலாட்டும் தயிர்சாதமும் இல்லாத பாஷையில் குழந்தை எப்படி ஒட்டும்?

புதுச் சொல் வேண்டுமென்றால் ஆளுக்கு ஒன்று உண்டாக்கிக்கொள்ள முடியாது. ஓக்ராண்ட் கொடுத்தால்தான் செல்லும் என்று அந்தப் பாஷைக்காரர்கள் கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். வேண்டிய சொற்களை ஜாபிதாவாக எழுதி அனுப்புவார்கள். அவரும் கூட்டத்துக்கு வரும்போது சீர்வரிசை மாதிரி கொண்டுவந்து கொடுப்பார்.

இதுவரை படித்துச் சிரித்துக்கொண்டிருந்த நான், அடுத்ததைப் படித்ததும் புத்தகத்தை மடியில் வைத்துவிட்டேன். இந்த ஓக்ராண்ட் டாக்டர் பட்டம் வாங்கியது எதற்குத் தெரியுமா? காலிபோர்னியாவின் பூர்வகுடிகள் பேசிய முத்சுன் என்ற மொழியின் இலக்கணத்துக்காக, 1977-ல். அந்த மொழியை நன்றாகப் பேசத் தெரிந்த கடைசிப் பெண்மணி அசென்சியோன் சொலோர்சானோ 1930-ம் வருஷமே காலமாகிவிட்டாள். நோயாகப் படுத்திருந்த அந்தக் கிழவியின் பக்கத்தில் உட்கார்ந்து, ஹாரிங்டன் என்ற ஆராய்ச்சியாளர் ஒவ்வொரு சொல்லாகக் கேட்டு எழுதி வைத்தார். அந்தக் குறிப்புகளை வைத்துக்கொண்டுதான் ஓக்ராண்ட் தம் இலக்கணத்தை எழுதினார்.

நிஜமான ஜனங்கள் அடுப்படியிலும் தொட்டிலடியிலும் பேசிய மொழி ஒரு கிழவியின் மூச்சோடு நின்றது. ஒரு நாளும் பிறக்காத ஜனங்களின் மொழியை, 2018 முதல் செல்போனிலேயே பிள்ளைகள் படிக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் நின்றவர் ஒரே மனிதர்! நல்லவேளை, முத்சுன் மரபில் வந்தவர்கள் 1990-களில் அந்தக் குறிப்புகளைத் தேடி எடுத்து, மறுபடியும் தங்கள் மொழியைக் கற்கத் தொடங்கினார்கள். அந்தப் பெண்மணி நோயிலும் சலிக்காமல் சொல்லிக் கொடுத்தது வீண்போகவில்லை.

நான் மட்டும் என்ன செய்தேன்? அறுபது வருஷமாகப் பிராணவாயு என்ற சொல்லை மனத்துக்குள்ளே வைத்திருந்தேன். பேரனிடம் ஒரு நாள் சொன்னேனா? அவனுக்குத் தெரியவில்லையே என்று கோபப்பட மட்டும் தெரிந்தது.

அன்று சாயங்காலம் அவனைக் கூப்பிட்டு, "கண்ணா, ஒரு பண்டமாற்று செய்துகொள்வோமா? நீ ஒரு சொல் கொடு, நான் ஒரு சொல் கொடுக்கிறேன்" என்றேன். அவனுக்கு ஒரே குஷி. அடுக்களை வரைக்கும் கூடவே வந்துவிட்டான். அடுப்பில் காப்பிக்குத் தண்ணீர் தளதளவென்று கொதித்துக் கொண்டிருந்தது.

"இதுக்குச் சொல்லு பார்க்கலாம்" என்றேன்.

ஒரு நிமிஷம் யோசித்தான். "புப் பிக்! கொதிக்கிறது தண்ணீர்!"

அப்பாடா, அடுக்களையிலும் செல்லும் ஒரு கிளிங்கன் வாக்கியம் கிடைத்துவிட்டது!

"சரி, பாட்டி. உன் சொல்?"

"சோடா பாட்டிலைத் திறந்தால் புஸ்ஸென்று பொங்கிக்கொண்டு வருமே, அது கரியமில வாயு."

"கரியமில வாயு, கரியமில வாயு" என்று அவன் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தான். நானும், 'புப் பிக்' என்று சொல்லிப் பார்த்தேன். கூடத்திலிருந்து மருமகள் கவலையோடு குரல் கொடுத்தாள்: "என்ன அத்தை, தொண்டை சரியில்லையா? பால் காய்ச்சித் தரட்டுமா?"