பல்லைக் காக்கும் சீனி

சென்ற வருட விடுமுறைக்கு ஹெல்சிங்கியிலிருந்து கொழும்புக்கு வந்திருந்த என் பேரன், மதிய உணவு முடிந்த கையோடு தன் காற்சட்டைப் பையிலிருந்து சின்னஞ்சிறு டப்பா ஒன்றை எடுத்தான். அதிலிருந்த வெள்ளை வில்லைகளில் ஒன்றைத் தன் வாயில் போட்டுக்கொண்டு மற்றொன்றை என்னிடம் நீட்டினான்.

"அம்மப்பா, சாப்பிட்டால் இதையும் சாப்பிட வேணும். பல்லுக்கு நல்லது."

அவனுக்கு வயது ஐந்து. பின்லாந்தின் சிறுவர் பராமரிப்பு நிலையங்களில் மதிய உணவின் பின்னர் பிள்ளைகளுக்கு இத்தகைய வில்லை கொடுப்பது வழக்கம் என்று என் மகள் விளக்கினாள். மேல்வரிசை முழுவதும் கட்டுப்பல்லாகிவிட்ட எனக்கு அதனால் என்ன பயன் வரப்போகிறது? ஆனாலும் பிள்ளையின் மனம் நோகாதிருக்க வாங்கி வாயில் இட்டேன். சீனியைப் போன்ற இனிப்பு. கூடவே நாவில் ஒரு குளிர்ச்சி. டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். 'சைலிட்டோல்' என்றிருந்தது. அந்தப் பெயரை வாசித்ததும் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டேன்.

ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னர் அந்தப் பெயரைத் தமிழில் எழுதி அச்சேற்றியவர்களுள் நானும் ஒருவன். அதில் எனக்கு ஒரு கடனும் உண்டு. அதைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன்.

அது 1976ஆம் ஆண்டு. கொழும்பில் ஒரு நாளிதழின் ஆசிரிய பீடத்தில் இளம் உதவி ஆசிரியராக இருந்தேன். நாட்டில் சீனிக்குக் கடும் தட்டுப்பாடு நிலவிய காலம் அது. சங்கக் கடையில் பங்கீட்டு அளவில் கிடைக்கும் சீனியை வீடுகளில் பூட்டி வைத்தார்கள். தேநீரைச் சீனி போட்டுக் கலக்காமல், உள்ளங்கையில் சிறிது சீனியை வைத்து நக்கிக்கொண்டோ, பனங்கட்டித் துண்டைக் கடித்துக்கொண்டோதான் பலரும் குடித்தார்கள்.

அத்தகைய ஒரு நாளில் ரெலிபிரின்ரரில் வெளிநாட்டுச் செய்தி ஒன்று வந்தது. பல்லைக் கெடுக்காத ஓர் இனிப்பைப் பின்லாந்து ஆய்வாளர்கள் பரிசோதித்துள்ளார்கள் என்பது அதன் சாரம். பக்கத்தில் இரண்டு அங்குல இடம் மட்டுமே எஞ்சியிருந்தது. செய்தியின் பின்பாதியை வெட்டிவிட்டு, முன்பாதியை மொழிபெயர்த்து, 'பல்லைக் காக்கும் சீனி' என்று தலைப்பிட்டேன். நல்ல தலைப்பு என்று மூத்தவர் ஒருவர் பாராட்டவும் செய்தார்.

பத்து நாட்கள் கழித்து மலையகத்திலிருந்து ஒரு தபாலட்டை வந்தது. எழுதியவர் ஒரு தாய். தன் நான்கு வயது மகளின் முன்பற்கள் எல்லாம் கறுத்துச் சூத்தையாகிவிட்டன என்றும், இரவில் பிள்ளை வலியால் அழுகிறாள் என்றும் எழுதியிருந்தார். "நீங்கள் எழுதிய அந்தச் சீனி எந்தக் கடையில் கிடைக்கும்? சங்கத்தில் கொடுப்பார்களா?" என்று கேட்டிருந்தார்.

நான் பதில் எழுதவில்லை. எனக்குப் பதில் தெரியாது என்பது ஒரு காரணம். தெரியாது என்று எழுதவும் வெட்கமாக இருந்தது என்பது மற்றொன்று. அந்த அட்டை என் மேசை இழுப்பறையில் பல மாதங்கள் கிடந்தது. பின்னர் எங்கே போனதென்று தெரியவில்லை.

பேரன் தந்த வில்லையின் பின்னர், அன்று நான் படித்திருக்க வேண்டியவற்றை இப்போதாவது படித்தேன்.

சைலிட்டோல் புதிய பொருளல்ல. 1890களின் தொடக்கத்திலேயே ஜேர்மனிய இரசாயனவியலாளர் எமில் பிஷரும் அவரது சகாவும் அதனைத் தயாரித்துவிட்டார்கள். மரம் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. கோலிபிளவர், ஸ்ட்ரோபரி, பிளம்ஸ் முதலியவற்றில் இயற்கையாகவே சிறிதளவு உண்டு. நமது உடலும் நாள்தோறும் சில கிராம் அளவில் அதனை உண்டாக்கிப் பயன்படுத்துகிறது. இதனால் 'இயற்கை இனிப்பு' என்று விற்கிறார்கள். ஆனால் கடைக்கு வருவது பழத்திலிருந்து பிழிந்ததன்று. பேர்ச் மரத்திலோ சோளப்பொத்தியின் தண்டிலோ உள்ள நார்ப்பொருளை அமிலத்தால் சிதைத்து, கிடைக்கும் வெல்லத்துடன் ஐதரசனைச் சேர்த்து ஆலையில் ஆக்கப்படுவது. இயற்கை என்ற சொல்லை மட்டும் நம்பி எதையும் வாயில் போடலாகாது. பனங்கட்டி எத்தனை இயற்கையானது! எனினும் பல்லைப் பொறுத்தவரை அதுவும் சீனிதான்.

பல் எவ்வாறு கெடுகிறது என்று பார்த்தால் விடயம் விளங்கும். பல்லின்மீது படியும் மெல்லிய படலத்தில் பக்டீரியாக்கள் வாழ்கின்றன. அவற்றுள் ஸ்ட்ரெப்டோகொக்கஸ் மியூட்டன்ஸ் என்பது பெயர்போன குற்றவாளி. நாம் உண்ணும் சீனியை அவை உண்டு அமிலத்தை வெளியிடுகின்றன. அந்த அமிலம் எனாமல் எனப்படும் மேலுறையிலிருந்து கல்சியத்தைக் கரைக்கிறது. உமிழ்நீர் அமிலத்தைத் தணித்து, இழந்த தாதுப்பொருளை மெல்ல மெல்ல மீட்டுக் கொடுக்கும். ஆனால் ஒரு தடவை இனிப்புண்டால் வாய் பழைய நிலைக்குத் திரும்ப ஏறக்குறைய அரை மணி நேரமாவது வேண்டும். அதற்குள் மறுபடி இனிப்புண்டால் மீட்சிக்கு அவகாசம் இல்லை.

சைலிட்டோலின் சூட்சுமம் இங்குதான் இருக்கிறது. சாதாரண வெல்லங்களில் ஆறு கரியணுக்கள், சைலிட்டோலில் ஐந்து. பக்டீரியா அதனைச் சீனியென்று எண்ணி உள்ளே இழுக்கிறது. ஆனால் அதைச் செரித்துச் சக்தி பெற முடியாமல் மறுபடி வெளியே தள்ளுகிறது. இழுப்பதிலும் தள்ளுவதிலும் சக்தி வீணாகிறதேயன்றி அமிலம் பிறப்பதில்லை.

நான் செய்தியாக்கிய ஆய்வு, துர்க்கு நகரில் 1972 முதல் 1974 வரை ஆர்யே ஷெய்னின், கௌகோ மெக்கினென் ஆகியோர் நடத்தியது. தாமாக முன்வந்த 125 பேர் மூன்று குழுக்களாக்கப்பட்டனர். ஒரு குழு வழமையான சீனியையும், மற்றொன்று பிரக்டோஸ் எனும் பழச்சீனியையும், மூன்றாவது சைலிட்டோலையும் இரண்டு வருடங்கள் உண்டன. முடிவில் சீனிக் குழுவினரிடம் சராசரியாக 7.2 பற்பரப்புகளிலும், பழச்சீனிக் குழுவினரிடம் 3.8 பரப்புகளிலும் புதிய சிதைவு காணப்பட்டது. சைலிட்டோல் குழுவில் அது பூச்சியம். 1975இலேயே பின்லாந்தில் சைலிட்டோல் சுவிங்கம் விற்பனைக்கு வந்துவிட்டது.

என் தலைப்பு பொய்யல்ல என்று எவரும் சொல்லக்கூடும். ஆனால் அந்த மனிதர்கள் உணவிலிருந்த சீனியை ஏறக்குறைய முற்றாக மாற்றிக்கொண்டவர்கள். பல் காத்ததில் பாதிப் பங்கோ அதற்கு மேலோ, சைலிட்டோல் வந்ததற்கன்றி, சீனி போனதற்கு உரியதாக இருக்கலாம். நான் வெட்டியெறிந்த பின்பாதியில்தான் அது இருந்தது.

பின்னாளில் வந்த ஆய்வுகளிலும் இரண்டு பக்கமும் உண்டு. மத்திய அமெரிக்காவின் பெலிஸ் நாட்டில் 1989 முதல் 1993 வரை பாடசாலை மாணவர்கள் 40 மாதங்கள் சுவிங்கம் மென்றபோது, சைலிட்டோல் குழுவினரிடம் பற்சூத்தை வெகுவாகக் குறைந்தது. மாறாக, அமெரிக்காவில் 691 வயதுவந்தவர்களுக்கு நாளொன்றுக்கு 5 கிராம் வீதம் வில்லையாகக் கொடுத்துப் பார்த்த ஆய்வு, சொல்லத்தக்க பயன் எதையும் காட்டவில்லை என 2013இல் வெளியானது. எல்லா ஆய்வுகளையும் சீர்தூக்கிப் பார்த்த கொக்ரேன் குழுவினரின் 2015ஆம் ஆண்டு மதிப்பீடு இன்னும் நிதானமானது. புளோரைட் பற்பசையில் சைலிட்டோலும் கலந்திருந்தால், பிள்ளைகளின் பற்சூத்தை இரண்டரை முதல் மூன்று வருடங்களில் 13 சதவீதம் குறையக்கூடும். அதற்கான சான்றும் வலுக்குறைந்ததே. ஏனைய வில்லைகளுக்கும் சுவிங்கத்துக்கும் தீர்ப்புச் சொல்லப் போதிய சான்றில்லை என்றார்கள்.

ஒரே ஓர் ஆய்வு மட்டும் என்னை உறங்கவிடவில்லை. பின்லாந்தின் இலிவியெஸ்காவில் தாய்மாரை வைத்து நடந்தது அது. குழந்தை பிறந்து மூன்று மாதமானதிலிருந்து இரண்டு வயதாகும்வரை தாயார் சைலிட்டோல் சுவிங்கம் மென்றார்கள். பிள்ளைகளுக்கு எதுவும் கொடுக்கப்படவில்லை. ஐந்து வயதில் பார்த்தபோது அந்தப் பிள்ளைகளின் பற்சூத்தை, தாய்மார் புளோரைட் பூச்சுப் பெற்ற பிள்ளைகளுடன் ஒப்பிடுகையில் ஏறக்குறைய 70 சதவீதம் குறைவாக இருந்தது. குழந்தையின் வாய்க்குள் அந்தக் கிருமி பெரும்பாலும் தாயின் வாயிலிருந்தே போய்ச் சேர்கிறது. சோறு ஊட்டும் கரண்டியைச் சூடு பார்க்கத் தன் வாயில் வைத்து எடுக்கும் தாயின் அன்போடு அதுவும் போகிறது. எனக்குத் தபாலட்டை எழுதியவரும் ஒரு தாய் என்பதை அன்றிரவு நினைத்துக்கொண்டேன்.

என் சொந்தப் பற்களின் கதை சுருக்கமானது. 1977இன் பின்னர் திறந்த பொருளாதாரம் வந்தது. சீனியும் தாராளமாக வந்தது. இரவுக் கடமையில் பக்கம் முடியும்வரை எட்டுத் தேநீர், பத்துத் தேநீர். ஒவ்வொன்றிலும் சீனி. கடைவாய்ப் பற்கள் ஒவ்வொன்றாகப் போன பின்னர் பல் வைத்தியர் ஒருவர் என்னிடம் சொன்னார்: "எத்தனை கரண்டி போடுகிறீர்கள் என்பதிலும் பார்க்க, எத்தனை தரம் குடிக்கிறீர்கள் என்பதுதான் முக்கியம்." சுவீடனின் விபெஹோல்ம் மனவளர்ச்சி குன்றியோர் இல்லத்தில் 1940களில், இன்று எவரும் அனுமதிக்காத விதத்தில், நோயாளிகளுக்கு ஒட்டும் டொபிகளை உண்ணக் கொடுத்து அறிந்துகொண்ட உண்மையும் அதுவே. உணவோடு உண்ணும் சீனியைவிட, உணவுகளுக்கிடையே அடிக்கடி உண்ணும் இனிப்பே பல்லைத் தின்கிறது. அந்த நோயாளிகளின் பற்கள் கொடுத்த விலையில் கற்ற பாடம் அது. பத்திரிகையாளனான நான் அதை என் பற்களைக் கொடுத்து மறுபடி கற்றேன்.

அந்தத் தாய்க்கு இன்று பதில் எழுதுவதானால் இப்படித்தான் எழுதுவேன்.

அம்மா, அந்தச் சீனியைத் தேடி அலைய வேண்டாம். முதலில் பிள்ளையைப் பல் வைத்தியரிடம் காட்டுங்கள். பாற்பல்தானே, விழுந்து முளைக்கும் என்று விட்டுவிடாதீர்கள். இரவில் போத்தலில் இனிப்புப் பாலோ தேநீரோ கொடுத்து உறங்க வைப்பதை நிறுத்துங்கள். இனிப்பு என்றால் சாப்பாட்டோடு கொடுங்கள். இடையிடையே தண்ணீர் மட்டும். காலையிலும் உறங்கப்போகும் முன்னரும் புளோரைட் உள்ள பற்பசையால் நீங்களே துலக்கிவிடுங்கள். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு அரிசிமணியளவு, அதற்கு மேற்பட்ட சிறு பிள்ளைக்குப் பட்டாணியளவு போதும். இவ்வளவும் செய்த பின்னர், வசதியிருந்தால், உணவுக்குப் பின் சைலிட்டோல் சுவிங்கம் மெல்வதில் தவறில்லை. மெல்லும்போது ஊறும் உமிழ்நீரே ஒரு மருந்து. ஆனால் சிறு குழந்தைக்குச் சுவிங்கம் வேண்டாம், தொண்டையில் சிக்கும். அளவு மிஞ்சினால் வயிறு கழியும். வீட்டு நாய்க்கு எட்டும் இடத்தில் வைக்க வேண்டாம். நாய்களுக்கு அது நஞ்சு. இரத்தத்தில் சைலிட்டோல் கூடியவர்களிடம் மாரடைப்பும் பக்கவாதமும் அதிகம் காணப்பட்டதாக 2024இல் ஓர் ஆய்வு வந்திருக்கிறது. அது தொடர்பைக் காட்டியதேயன்றிக் காரணம் அதுவே என்று நிறுவவில்லை. எனினும் பலகாரத்திலும் பானத்திலும் கரண்டி கரண்டியாகச் சேர்ப்பதற்குத் தயங்குவது நல்லது.

இதில் சைலிட்டோல் பற்றிய பகுதியைத் தவிர்த்துப் பார்த்தால், பல் வைத்தியரிடம் போவது, இரவுப் போத்தலை நிறுத்துவது, தண்ணீர் கொடுப்பது ஆகியவற்றை நான் 1976இலேயே விசாரித்து எழுதியிருக்கலாம். கொழும்பில் ஒரு பல் வைத்தியரைக் கேட்க எனக்கு அரைமணி நேரம்கூட ஆகியிராது. கேட்டிருந்தால் இரண்டு அங்குலத்துக்குள் அடங்கியிருக்கும்.

அந்தச் சிறுமிக்கு இப்போது ஐம்பது வயது கடந்திருக்கும். அவளது பற்கள் எப்படியிருக்கின்றனவோ, எனக்குத் தெரியாது. பேரன் ஹெல்சிங்கிக்குப் புறப்பட்டபோது அந்த டப்பாவை என் மேசையில் விட்டுச் சென்றான். உள்ளே நான்கு வில்லைகள் மீதம் இருக்கின்றன. தபாலட்டை கிடந்த இழுப்பறை போன்றதோர் இழுப்பறையில் அதை வைத்திருக்கிறேன்.